பதினெட்டு வளைவும் இரண்டு வண்டியும்

தேன்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் மொத்தம் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் என்று எண் போட்ட வெள்ளைக் கற்கள் சொல்லும். சேசுராசுவின் மோரிஸ் மைனரில் போனால் பதினான்குதான் வரும். ஆரோக்கியத்தின் ஃபியட்டில் போனால் இருபத்திரண்டு வரும். தேன்பாறைக்காரர்கள் மூன்றையும் நம்பினார்கள். ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று அங்கே எவரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை.

அதற்கு முன்பும் ஊர் அந்த இரண்டு வண்டிகளால் இரண்டாகத்தான் கிடந்தது. காப்பித் தோட்டமும் மாதா கோயிலும் சலேத்தம்மாளின் டீக்கடையும் தவிர வேறு போக்கிடம் இல்லாத ஊரில், கோயில் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வாடகை வண்டிகளில் எது உசத்தி என்பதை விட்டால் பேச வேறென்ன இருக்கிறது? மோரிஸ், தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறியபோது விட்டுப்போனது; உருண்ட முதுகும், முட்டைக் கண்ணும், திரும்பும்போது விலாவிலிருந்து டக்கென்று வெளியே நீண்டு திசை காட்டும் சின்னக் கையுமாக, பார்க்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைக்காமல் அது நகராது. ஃபியட், பழைய பங்குச்சாமி மாற்றலாகிப் போனபோது கொடுத்துவிட்டுப் போனது. கியர் ஸ்டீரிங்கை ஒட்டியே இருக்கும், முன் கதவுகள் ஊர் உலகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும், சேலை கட்டிய பெண்கள் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து நாற்காலியிலிருந்து எழுவதுபோல் எழுந்துகொள்ளலாம்.

"கதவு பின்னாடி பார்த்துத் திறக்கிற வண்டி நேத்தைக்குத்தான் போய்ச் சேரும், மச்சான்" என்பான் சேசுராசு. ஆரோக்கியத்தின் மனைவி பிலோமினாவுக்கு உடன்பிறந்த தம்பி அவன். அந்த உரிமையில் எதுவும் சொல்லலாம்.

ஆரோக்கியம் பேசுகிற ஆள் இல்லை. நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று ஃபியட்டைப் பற்றியதாக இருக்கும். ஆனால் இதற்கு மட்டும் கையில் ஒரு பதில் எப்போதும் வைத்திருப்பார். "உன் டிக்கியில ஒரு பலாப்பழம் வச்சா ரெண்டாவது பழத்தை மடியில வச்சுக்கணும், மாப்ள. பெட்டியோட மூணு பேர் ஏறிட்டா நாலாவது ஆளு நடந்துதான் வரணும்."

இருபது வருடம் இதையேதான் சொன்னார். இருபது வருடமும் டீக்கடை சிரித்தது.

வளைவு விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் தபால்காரர் மிக்கேல். ஐப்பசி மழையில் மண் சரிந்து ஒன்பது நாள் மூடிக்கிடந்த சாலை திறந்த அன்று, அவர் பையோடு மோரிஸில் இறங்கினார். மேலே ஊரில் கிளம்பும்போது ஜெபமாலையை எடுத்தால் அடிவாரத்தில் கடைசி மணியை முத்தமிட்டு மடித்து வைப்பது அவருடைய பல வருடத்துப் பழக்கம். அன்றைக்கு அடிவாரம் வந்துவிட்டது, உருட்டாத மணி ஒரு பத்து கையில் பாக்கி இருந்தது. வேகமாக ஓட்டினானோ என்றால் அதுவும் இல்லை. சேசுராசு பீடி பற்றவைக்க இரண்டு முறை நிறுத்தியிருந்தான். சாயங்காலம் ஃபியட்டில் ஏறி வரும்போது ஜெபமாலையின் ஐந்து பத்தும் முடிந்து, பிரார்த்தனையும் முடிந்து, தெரிந்த பாட்டு இரண்டையும் பாடி முடித்த பிறகும் வண்டி வளைந்துகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால், எண் இல்லாத கற்கள். சுண்ணாம்பு மட்டும் பூசி, ஈரம் காயாமல், ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் ஒன்று, பன்னிரண்டு தாண்டி ஒன்று என்று நின்றன. ஒரு வளைவில் யாரும் பார்த்திராத ஓடை, ஒரு வளைவில் காய்த்துத் தொங்கும் கொய்யா மரம்.

மிக்கேல் டீக்கடையில் வந்து சொன்னார். சலேத்தம்மாள் டீயை ஆற்றுவதை நிறுத்தவே இல்லை.

"இதுல என்னண்ணே இருக்கு? ஒரே டீதான். ஒருத்தர் மடக்குனு குடிச்சிட்டுப் போறாரு, ஒருத்தர் ஊதி ஊதிக் குடிக்கிறாரு."

அதோடு ஊர் சமாதானமாகிவிட்டது. ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. எதற்கு எந்த வண்டி என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. பிரசவ வலி எடுத்தவளும், பாம்பு தீண்டியவனும், திரிந்துபோகிற பாலும் மோரிஸில் இறங்கினார்கள். புகுந்த வீடு போகும் பெண்கள் ஃபியட்டில் இறங்கினார்கள், பின்சீட்டில் அம்மாவும் மகளும் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, எண் இல்லாத வளைவுகளில் ஆரோக்கியம் தாமாகவே வண்டியை மெல்ல விட்டார். சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டியை உறவுக்காரர்கள் ஃபியட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கொய்யா மரம் வருவதற்குள் யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவார்கள். பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகள் ஃபியட்டுக்கு அடம்பிடித்தார்கள். பங்குச்சாமி ஃபியட்டில் உட்கார்ந்து பிரசங்கம் யோசிக்க ஆரம்பித்ததில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை இழுத்துக்கொண்டே போனது. ஊரார் கூடிப் பேசி, சனிக்கிழமைகளில் சாமியை மோரிஸில்தான் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

சாலையை அளக்க ஒரு பொறியாளர் வந்தார். மோரிஸில் இறங்கிப் பதினான்கு என்று குறித்துக்கொண்டார், ஃபியட்டில் ஏறி இருபத்திரண்டு என்று குறித்துக்கொண்டார், சலேத்தம்மாளின் கடையில் உட்கார்ந்து இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார், பதினெட்டு வந்தது. முகம் மலர, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி ஒரு வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வகுத்தலைப் பார்த்துக்கொண்டிருந்த மிக்கேலுக்குத்தான் பிடி கிடைத்தது. மோரிஸ் ஒவ்வொரு நடையிலும் நாலு வளைவைத் தாண்டிப் போகிறது. அந்த நாலும் எங்கேயும் தொலைந்துபோவதில்லை, அடுத்துக் கிளம்பும் ஃபியட்டின் பாதையில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மோரிஸ் இரண்டு நடை அடித்து ஃபியட் சும்மா நின்றால், மூன்றாவதாக இறங்கும் ஃபியட்டுக்கு இருபத்தாறு. சோதித்துப் பார்த்தார்கள், அப்படித்தான் இருந்தது. தான் மிச்சம் பிடிக்கிற வழியை மச்சான் ஓட்டித் தீர்க்கிறார் என்று தெரிந்தபோது சேசுராசுவுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆரோக்கியத்துக்கு அதில் குறையே இல்லை. வீட்டுக்குப் பிந்தி வந்தார், ஆறிய சோற்றைச் சாப்பிட்டார், தன் வண்டியில் வருகிறவர்கள் இறங்க மனமில்லாமல் இறங்குவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஜெசிந்தாவுக்குக் கடிதம் வந்தது.

ஜெசிந்தா ஆரோக்கியத்தின் ஒரே மகள். மதுரையில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பை முடித்திருந்தாள். இத்தாலியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு மருத்துவமனையில் வேலை. வியாழக்கிழமை அடிவாரத்து ஸ்டேஷனில் நாலு மணி ரயிலைப் பிடித்தால்தான் மறுநாள் சென்னையில் விமானம். விமானத்தை விட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

"ஃபியட்டு பொறந்த நாட்டுக்கே பொண்ணு போகுது. வண்டியக் குடுத்துட்டுப் பிள்ளைய வாங்கிக்கிறாய்ங்க" என்றார் மிக்கேல். டீக்கடை சிரித்தது. ஆரோக்கியமும் சிரித்தார். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

ஊரில் எத்தனையோ பெண்களை அவர் வழியனுப்பி வைத்திருக்கிறார். ஆனால் சொந்த மகள் அந்த வண்டியில் ஏறியதே அபூர்வம். விடுமுறைக்கு அவள் வரும்போதெல்லாம் அவர் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு எங்கேயோ போயிருப்பார், அவள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போய்விடுவாள். அவள் வளர்ந்ததை அவர் பார்த்தது கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பதுபோலத்தான், ஓட்டிக்கொண்டே, அவ்வப்போது. இனி அவள் வர இரண்டு வருடம் ஆகும். நடுவில் இருப்பது ஒரே ஒரு மலை இறக்கம். அது அவருக்கு வேண்டியிருந்தது, எவ்வளவு நீளமாகக் கிடைக்குமோ அவ்வளவு நீளமாக வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை டீயைக் கையில் வாங்கியபடி, யாரிடமும் சொல்லாததைச் சலேத்தம்மாளிடம் சொல்லிவிட்டார்.

"இருபத்திரண்டு பத்தாது போல இருக்கே, தாயி."

அவ்வளவுதான் சொன்னார். சலேத்தம்மாள் மிக்கேலிடம் சொன்னாள், மிக்கேல் தபால் கொடுத்த வீடுகளிலெல்லாம் சொன்னார், புதன்கிழமை பொழுது விடிந்தபோது மோரிஸைச் சுற்றி ஊரே நின்றது. ஒரு வேலையும் இல்லாமல் இறங்கிப் போய், ஒரு வேலையும் இல்லாமல் ஏறி வருவதற்காக. கல்யாணத்துக்குச் சீர் வைப்பதுபோல், ஜெசிந்தாவுக்கு ஆளுக்கு நாலு வளைவு வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருந்தது. கோயில் பாடற்குழுப் பெண்கள் வந்தார்கள், தோட்டத்து மேஸ்திரி வந்தார், பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகள் ஒரே நடையில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போனார்கள். சேசுராசு வாடகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அன்று முழுக்க ஆரோக்கியம் வீட்டுக்குப் பின்னால் ஃபியட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். மோரிஸ் இன்றைக்கு என்ன இப்படி ஓடுகிறது என்று ஒரு கணம் நினைத்தார், மாப்பிள்ளைக்கு நல்ல சவாரி என்று நினைத்துக்கொண்டார். போதும் என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வீட்டார் வைத்துவிட்டார்களே, நாம் வைக்காவிட்டால் எப்படி என்பதுதான் அங்கே எல்லாருக்கும் பழக்கம்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஃபியட் கிளம்பியது. முன்சீட்டில் அப்பாவின் பக்கத்தில் ஜெசிந்தா, பின்னால் ஊறுகாய் ஜாடியும் புளிச்சோற்றுத் தூக்கும் பிலோமினாவும், டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகள். பதினெட்டாம் கல் தாண்டியதுமே எண் இல்லாத வளைவு வந்தது, அதற்கு அடுத்ததும் அப்படி, அதற்கு அடுத்ததும் அப்படி. ஆரோக்கியம் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். பிலோமினா புத்திமதி சொன்னாள்: தலைக்கு எண்ணெய் வை, பனியில் காலுறை போடு, பூசைக்குப் போ, யாரையும் நம்பாதே, எல்லாரிடமும் சிரித்துப் பேசு. பதினைந்தாம் கல் வருவதற்குள் புத்திமதி தீர்ந்து அவள் தூங்கிவிட்டாள். ஜெசிந்தா பேசினாள்; விடுதியில் உடன் படித்தவர்களைப் பற்றி, முதல் முறை ஊசி போடும்போது கை நடுங்கியதைப் பற்றி, இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகுமாம் என்பதைப் பற்றி. ஆரோக்கியமும் பேசினார். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் ஒரு கல்யாணச் சவாரியில் மாட்டிக்கொண்டதை, அதை இருபத்திரண்டு வருடமாக மனதில் வைத்திருப்பதைச் சொன்னார்.

"அது எனக்கு எப்பிடிப்பா ஞாபகம் இருக்கும்?" என்று அவள் சிரித்தாள்.

"எனக்கு இருக்கே, பாப்பா."

ஓடை வளைவில் இறங்கி முகம் கழுவினார்கள், சாப்பிட்டார்கள். கொய்யா மரத்தடியில் அவள் நாலு காய் பறித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் பேச ஒன்றும் இல்லாமல் போனது. பேச்சு தீர்ந்த பிறகும் வளைவு தீரவில்லை, அந்த மௌனத்தில் மகள் தலையைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருக்க, வண்டி இடமும் வலமுமாக மெல்ல ஆடி இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரம்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்று ஆரோக்கியத்துக்குத் தோன்றியது.

ஒன்பதாம் கல்லில் ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று இருபது.

ஆரோக்கியம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பாதி மலைதான் இறங்கியிருக்கிறார்கள். பின்னால் பிலோமினா விழித்து, "வந்துருச்சா?" என்றாள். எட்டாம் கல்லின் பக்கமிருந்து மோரிஸ் முக்கிக்கொண்டு ஏறி வந்து, ஃபியட்டைப் பார்த்து அப்படியே நின்றது. உள்ளே மிக்கேலும் சலேத்தம்மாளும் இருந்தார்கள்.

"மச்சான், நீங்க இன்னும் எறங்கலயா?"

"எங்க எறங்குறது, மாப்ள? வளைவு தீர மாட்டேங்குதே."

சேசுராசு சலேத்தம்மாளைப் பார்த்தான். சலேத்தம்மாள் மிக்கேலைப் பார்த்தாள். மிக்கேல் ஜெபமாலையைப் பார்த்தார்.

"எத்தனை நடை அடிச்ச?" என்று கேட்டார் ஆரோக்கியம்.

"நேத்து பன்னெண்டு. இன்னைக்கு நீங்க கெளம்புறதுக்கு முன்னாடியே அஞ்சு, இது ஆறாவது, மச்சான்."

"எதுக்கு?"

"நீங்கதானண்ணே பத்தாதுன்னீங்க" என்றாள் சலேத்தம்மாள். "ஆளுக்கு நாலு வைப்போம்னு கெளம்புனோம். இம்புட்டு ஆகும்னு யாரும் நெனைக்கலண்ணே."

ஆரோக்கியத்துக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊரே தனக்காக இரண்டு நாள் மலை ஏறி இறங்கியிருக்கிறது. கீழே இன்னும் இதே அளவு வளைவுகள் அவருக்காகக் காத்திருந்தன. அவர் இந்த வண்டியிலேயே அவளை வைத்திருந்தால் போதும், ரயில் தானாகப் போய்விடும், இரண்டு வருடமும் போய்விடும், மகள் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, வழி நீண்டுவிட்டது என்பார்கள். இதெல்லாம் அவருக்கு ஒரு நொடியில் தோன்றியது.

"அப்பா" என்றாள் ஜெசிந்தா.

அவர் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். "மாப்ள, வண்டியத் திருப்பு."

பெரிய பெட்டிகளை அவரே தூக்கினார். மோரிஸின் டிக்கியில் ஒன்று போனது. இரண்டாவது பின்சீட்டில் பாதியை அடைத்துக்கொண்டது. மீதிப் பாதியில் பிலோமினா மடியில் ஊறுகாய் ஜாடியோடு ஒடுங்கினாள். சேசுராசுவுக்குப் பக்கத்தில் ஜெசிந்தாவுக்கு இடம். அதற்கு மேல் அந்த வண்டியில் ஒரு குடை வைக்கவும் இடமில்லை. நாலாவது ஆளைப் பற்றி இருபது வருடமாகச் சொல்லிச் சிரித்த பேச்சு அங்கே எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

"மச்சான், நான் ஃபியட்ட எடுத்துட்டு வாரேன், நீங்க இத ஓட்டிட்டுப் போங்க" என்றான் சேசுராசு.

பதினான்கே வளைவில் இறங்கும் அந்த மோரிஸ் சேசுராசுவின் கைக்குத்தான் பழகியிருந்தது; வேறொருவர் கையில் எப்படி ஓடும் என்று யாருக்கும் தெரியாது. மகளின் ரயிலை வைத்துச் சோதித்துப் பார்க்க ஆரோக்கியம் தயாராக இல்லை. தலையை ஆட்டி மறுத்தார்.

"நீங்க போங்க, பாப்பா. நான் பின்னாலயே வாரேன்."

பின்னாலேயே வர முடியாது என்பது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் சட்டைப்பையில் இரண்டு கொய்யாக்காயைப் போட்டாள்.

"மெதுவா வாங்கப்பா" என்றாள்.

மோரிஸ் நகர்ந்தது. எட்டாம் வளைவில் அதன் விலாவிலிருந்து சின்னக் கை டக்கென்று நீண்டது, உருண்ட முதுகு திரும்பியது, போய்விட்டது. துணைக்கு வரட்டுமா என்று மிக்கேல் கேட்டார். பஸ் வரும், மேலே போங்கள் என்று சொல்லிவிட்டு ஆரோக்கியம் தனியாகக் கிளம்பினார்.

மோரிஸ் தாண்டிப்போன வளைவுகளும் சேர்ந்துகொள்ள, எண் இல்லாத கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேஸ்திரி வைத்த நாலு, பாடற்குழுப் பெண்கள் வைத்த நாலு, அண்ணனும் தம்பியும் சேர்ந்து வைத்த நாலு என்று வந்துகொண்டே இருந்தன, பக்கத்து இருக்கை காலியாக ஆடிக்கொண்டிருந்தது, அவர் அழுதார். யாரும் பார்க்காததால் சத்தமாகவே அழுதார். அழுது முடிக்கிற அளவுக்கு வழி இருந்தது.

மலையின் வயிறு திரும்பிச் சமவெளி முழுக்கத் தெரிகிற ஒரு வளைவில் ரயிலைப் பார்த்தார். கீழே ஸ்டேஷனை விட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தது. வளைவு அவரை மலைக்குள் திருப்பியது, ரயில் மறைந்தது. அடுத்த வளைவு வெளியே திருப்பியது, ரயில் தென்னந்தோப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. மறுபடி மறைந்தது, மறுபடி வந்தது, பாலத்தின் மேல், குளத்தங்கரையில், சோளக்காட்டு நடுவில், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சின்னதாகி. வளைவுகளை வைத்த ஊராருக்கு அவர் மனதுக்குள் நன்றி சொன்னார்.

அவர் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஸ்டேஷன் வாசலில் பிலோமினா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், சேசுராசு மோரிஸில் சாய்ந்து நின்றான்.

"ஏத்திவிட்டதும் கெளம்பிருச்சு. ஒரு நிமிசம்கூட நிக்கல, கண்ணுல படுறதுக்குள்ள போயிருச்சு" என்றாள் பிலோமினா.

"நான் ஏழு தரம் பாத்தேன்" என்றார் ஆரோக்கியம்.

சட்டைப்பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து அவளிடம் கொடுத்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார். அவன் நிமிரவே இல்லை.

"மாப்ள. ரெண்டு வருசம் கழிச்சு லீவுல வருவா. அன்னைக்கு நீதான் வந்து கூட்டிட்டுப் போகணும், உன் வண்டியில."

"நீங்க, மச்சான்?"

"நான் மேல கோயில் வாசல்ல நிக்கிறேன். ஏத்திவிடுறதுக்குத்தான் ஃபியட்டு. கூட்டியாரதுக்கு மோரிஸ மிஞ்சுன வண்டி கெடையாது."

இருபது வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த சேசுராசுவுக்கு, அது வந்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. மோரிஸின் கதவைத் திறந்து, "வாக்கா, வெரசா வீட்டுல விட்டுர்றேன்" என்றான்.

பிலோமினா எழுந்தாள். மோரிஸைத் தாண்டிப் போய், ஃபியட்டின் முன் கதவைப் பின்பக்கமாகத் திறந்து, மகள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் இதுலயே வாரேன். அங்க போய் இப்ப என்ன அவசரம்?"

ஆரோக்கியம் வண்டியைக் கிளப்பினார்.